முதலில் அச்சான என் படமும் அதன் இடது மூலையும்

#1 நிழல்தேடி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு இது. முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

1996இல் என் படம் ஒன்று ஒரு புகைப்பட இதழில் முழுப்பக்கம் வந்தது. அச்சில் வந்த என் முதல் படம் அதுதான். நீரில் பாதி மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையிலிருந்து ஒரு பெரிய கொக்கு எழும்புகிறது. இறக்கை இரண்டும் மேலே விரிந்திருக்கின்றன. ஒரு கால் இன்னும் கட்டையை விடவில்லை, மற்றக் காலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதுகிலிருந்து தொங்கும் நூல் போன்ற இறகுகளில் காலை வெயில் பட்டுத் தனித்தனியாகத் தெரிகின்றன. படத்துக்குக் கீழே ‘பொறுமைக்குக் கிடைத்த பரிசு’ என்று போட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து எடுத்ததாக நான் எழுதிய கடிதத்தைப் பார்த்து அவர்களே வைத்த தலைப்பு.

அந்தப் பக்கத்தைப் பல வருடம் பெருமையோடு காட்டியிருக்கிறேன். கூடவே ஒரு மனக்குறையும் இருந்தது. நான் எடுத்தது படுக்கைவாட்டுப் படம். அவர்கள் இடது பக்கத்தை வெட்டி நெட்டுவாட்டில் போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்கவே இல்லை. ஸ்லைடு (சட்டத்தில் பொருத்திய பாசிட்டிவ் ஃபிலிம்) திரும்பி வந்தபோது நான் அனுப்பிய அட்டைச் சட்டமும் மாறி, பிளாஸ்டிக் சட்டத்தில் யாரோ ஒருவருடைய கையெழுத்தில் என் பெயர் இருந்தது. அதற்கும் ரொம்பக் கோபப்பட்டேன்.

போன மாதம் பழைய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக டிஜிட்டலாக்க உட்கார்ந்தேன். ஒளிப்பெட்டி, மேக்ரோ லென்ஸ், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான் ஏற்பாடு. சட்டத்தோடு வைத்தால் ஓரம் மறைகிறது என்பதால் இந்தப் படத்துக்கு மட்டும் ஃபிலிமை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு ஓரத்திலும் அரை மில்லிமீட்டர்போலக் கூடுதலாகத் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கிக்கொண்டே இடது கீழ் மூலைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

அங்கே தண்ணீரில் ஒரு வளையம். சட்டத்துக்குள் இருந்தவரை அது ஒரு கீற்று வெளிச்சமாகத்தான் தெரிந்தது, நீரின் பளபளப்பு என்றே நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் வளையத்தின் நடுவில், சட்டம் மறைத்திருந்த அந்த அரை மில்லிமீட்டருக்குள், மேலே எழும்பிய நீர் இன்னும் கீழே இறங்காமல் நிற்கிறது.

அது நான் எறிந்த கல்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது உண்மை. கொக்கு அசையவில்லை. ரோலில் மூன்று ஃபிரேம்தான் மிச்சம், வெயில் ஏற ஏற வெளிச்சம் கடுமையாகிக்கொண்டிருந்தது. கேமரா முக்காலியில் இருந்தது. வலது விரலை ஷட்டரில் வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு சிறு கல்லை எடுத்துக் கொக்குக்கு இடப்பக்கமாக எறிந்தேன். அதன்மேல் எறியவில்லை. தண்ணீரில்தான் எறிந்தேன். அது வலப்பக்கமாக எழும்பியது, அழுத்தினேன். கடிதத்தில் காத்திருந்ததை எழுதினேன், கல்லை எழுதவில்லை. வருடங்கள் போகப்போக, படத்தைக் காட்டிப் பேசும்போது எனக்கே கல் மறந்துவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கண்காட்சிக்கு இந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கேட்கிறார்கள், ‘என் முதல் படம்’ என்ற வரிசைக்காக. இரண்டு கேள்விகள். வெட்டிய படத்தைத் தருவதா, முழு ஃபிரேமையும் தருவதா? கீழே என்ன எழுதுவது?

#2 புதுலென்ஸ்

அண்ணா, படித்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கும்போதே வியூஃபைண்டரில் அந்த மூலை தெரிந்திருக்காதா? அப்புறம், ஸ்லைடில் வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷர் எப்படி வைத்தீர்கள்? நான் டிஜிட்டலிலேயே கொக்கை வெளிறவிடுகிறேன்.

#3 அச்சுக்கூடம்

நான் இதழ் லேஅவுட்டில் பல வருடம் இருந்தவன். உங்கள் படம் வந்த இதழில் இல்லை. ஆனால் எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான், அதனால் வெட்டியதைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

35 எம்எம் ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். பக்கம் ஏ4 அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் படுக்கைவாட்டுப் படத்தை நெட்டுவாட்டில் முழுப்பக்கமாகப் போட, 24 மில்லிமீட்டர் உயரத்தையும் அப்படியே எடுத்தாலும் அகலத்தில் 17 மில்லிமீட்டர்தான் பயன்படும். பாதிக்கு மேல் போய்விடும். 12 மடங்குக்கு மேல் பெரிதாக்கவும் வேண்டும். அப்படியும் உங்கள் படத்தை முழுப்பக்கத்துக்கு எடுத்தார்கள் என்றால், ஸ்லைடு அவ்வளவு கூர்மையாக இருந்திருக்கிறது. எதை வெட்டுவது என்பதில் பெரிய யோசனை எதுவும் இருந்திருக்காது. கொக்கு வலப்பக்கம் பறக்கிறது, பறக்கும் திசையில் இடம் விடுவோம், பின்னால் இருப்பது போகும்.

சட்டம் மாறியதற்கும் காரணம் உண்டு. அன்று நல்ல அச்சுக்கு டிரம் ஸ்கேனரில்தான் வண்ணம் பிரிப்போம். ஃபிலிமைச் சட்டத்திலிருந்து எடுத்து, எண்ணெய் தடவி, கண்ணாடி போன்ற உருளையில் ஒட்டிச் சுழலவிட வேண்டும். அட்டைச் சட்டத்தைக் கிழிக்காமல் ஃபிலிமை எடுக்க முடியாது. வேலை முடிந்ததும் துடைத்து, புதிய சட்டத்தில் போட்டுப் பெயரை எழுதி அனுப்புவோம். உங்கள் பெயரை எழுதிய அந்தக் கை அக்கறையாக வேலை செய்த கை. அதன்மேல் வருத்தம் வேண்டாம்.

ஆக, அந்த மூலையை உங்களுக்கு முன்பே ஒருவர் முழுதாகப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவர் கண்ணுக்கு அது வெறும் நீர்வளையம். மீன் துள்ளியிருக்கும் என்று போயிருப்பார். ஒளிக்க வேண்டும் என்று யாரும் வெட்டவில்லை.

#4 சிறகடி

நான் பறவை பார்ப்பவள், படம் எடுப்பது இரண்டாவதுதான். நீங்கள் விவரித்ததில் ஒன்று எனக்கு நெருடியது. முதுகிலிருந்து தொங்கும் நூல் இறகுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கொக்குக்கு அவை கூடுகட்டும் காலத்தில்தான் வளரும், அப்புறம் உதிர்ந்துவிடும். கண்ணுக்கும் அலகுக்கும் இடையில் உள்ள தோல் பச்சையாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சை என்றால் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் பக்கத்தில் எங்கோ கூடு இருந்திருக்கலாம், அல்லது கட்டிக்கொண்டிருந்திருக்கலாம். கட்டையில் அசையாமல் நின்றது சோம்பலால் இல்லை. கொக்கு அப்படித்தான் இரை பிடிக்கும், அசைந்தால் மீன் ஓடிவிடும். காலை நேரம் அதற்கு வயிறு நிரம்ப வேண்டிய நேரம், குஞ்சு இருந்தால் குஞ்சுக்கும் சேர்த்து. நீங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தீர்கள், அதுவும் காத்திருந்தது. நீங்கள் படத்தோடு போனீர்கள், அது அந்த இடத்தை விட்டுப் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெண்களின் தொப்பிகளுக்காகக் கொக்குகளைக் கணக்கில்லாமல் கொன்றதும் இதே இறகுகளுக்காகத்தான். கூடுகட்டும் காலத்தில் மட்டும் அவை இருப்பதால் கூட்டில் வைத்தே சுட்டார்கள், குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அதைப் பொறுக்காமல் பெண்கள் சிலர் 1889இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த சங்கம்தான் இன்று ஆர்எஸ்பிபி என்ற பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு. உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் அந்த இறகின் அழகுதான் நம்மையும் அருகில் இழுக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

நீங்களாக வந்து எழுதியதற்கு நன்றி. இதை எழுதுபவர்கள் குறைவு.

#5 மூன்றாம்கண்

சிறகடி, மன்னிக்கவும், எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஒரு சின்னக் கல், அதுவும் தண்ணீரில். நாய் குரைத்தாலும் கொக்கு பறக்கும், படகு வந்தாலும் பறக்கும். அந்தக் காலத்தில் கை தட்டாமல் பறவைப் படம் எடுத்தவர் எத்தனை பேர்? நிழல்தேடி கூட்டைக் கலைக்கவில்லை. படம் நல்ல படம். வெட்டிய படத்தையே கொடுங்கள், கீழே பறவையின் பெயரையும் வருடத்தையும் போடுங்கள். போதும்.

#6 நிழல்தேடி

எல்லோருக்கும் நன்றி.

தம்பி புதுலென்ஸ், அன்று என்னிடம் இருந்த மாதிரிக் கேமராக்களின் வியூஃபைண்டர் முழு ஃபிரேமையும் காட்டாது. 92, 93 சதவீதம்தான். ஃபிலிமில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழும், அந்தக் கூடுதலைச் சட்டம் மறைத்துவிடும். அதனால் எடுக்கும்போதும் தெரியவில்லை, திரையில் போட்டுப் பார்த்தபோதும் தெரியவில்லை. எக்ஸ்போஷர் பற்றிக் கேட்டாய். மீட்டர் எதைப் பார்த்தாலும் சாம்பல் நிறமாக்கத்தான் அளவு சொல்லும். வெள்ளைக் கொக்கை அளந்து அப்படியே வைத்தால் கொக்கு அழுக்காக வரும், ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). இரண்டுக்கு மேல் போனால் ஸ்லைடில் இறகு முழுக்க வெறும் வெள்ளை, திரும்பி எடுக்கவே முடியாது. 100 வேக ஃபிலிமில் எஃப்/4, 500இல் ஒரு பங்கு நொடி வைத்தேன். அதனால்தான் இறக்கை நுனி மட்டும் லேசாகக் கலங்கியிருக்கிறது. டிஜிட்டலில் ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வை, பழகிவிடும்.

அச்சுக்கூடம் ஐயா, பழைய பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்து மறுபடியும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். என் பெயரில் எல்லோரும் தவறவிடும் ஒற்றெழுத்தைக்கூட அவர் சரியாகப் போட்டிருக்கிறார். இத்தனை வருடம் கவனிக்கவில்லை.

சிறகடி, பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைதான்.

மூன்றாம்கண், உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் நாய் குரைத்துப் பறந்திருந்தால் நான் நாயைப் பற்றி எழுதியிருப்பேன்.

#7 இருட்டறை

இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் கறுப்பு வெள்ளைக்காரன், சொந்தமாகக் கழுவி அச்சிடுபவன். முழு ஃபிரேமா வெட்டியதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

படம் ஷட்டரோடு முடிவதில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1ஆம் தேதி நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊருக்கு மேலே நிலா எழுவதை எடுத்தார். லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும், அதை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது நெகடிவ் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது. முதலில் அச்சான பிரதிகளில் வானத்தில் மேகம் தெரியும். 1948இல் அந்த நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் வைத்து அடர்த்தி கூட்டினார். அப்புறம் வருடா வருடம் அச்சிட அச்சிட வானம் இருண்டுகொண்டே போய்க் கடைசியில் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. நெகடிவ் ஒன்று, மனிதருக்கு வயது ஏற ஏறப் படம் வேறு. இதில் எந்தப் பொய்யும் இல்லை.

ஆனால் இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரதியா லாங் 1936இல் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற படம் இருக்கிறதே, அதில் முன்னால் கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரியும். சில வருடம் கழித்து அதை நெகடிவிலேயே அழிக்கச் செய்தார். கண்ணை உறுத்துகிறது என்பதுதான் காரணம். அவரைப் படம் எடுக்க அனுப்பிய அரசுத் துறையில் அவருடைய மேலதிகாரிக்கே அது பிடிக்கவில்லை. இன்றும் உற்றுப் பார்த்தால் விரல் இருந்த இடத்தில் அதன் சாயல் தெரிகிறது.

அதனால் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதழ் வெட்டியது பக்கத்துக்காக. ஆனால் வளையம் இருப்பது தெரிந்த பிறகு இன்று நீங்கள் வெட்டினால் அது லேஅவுட் இல்லை. முழுதாகவே போடுங்கள். படமாகவும் அது நன்றாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இடப்பக்கம் வளையம், நடுவில் கொக்கு, வலப்பக்கம் வெறும் நீர். கொக்கு எதிலிருந்து விலகிப் போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

#8 புதுலென்ஸ்

நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு குக்குறுவான் பறவையைப் படம் எடுக்க ஃபோனில் அதன் குரலை ஓடவிட்டேன். நாலைந்து முறை. எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து தொண்டையை உப்பிக்கொண்டு கத்தியது. நல்ல படம் கிடைத்தது, நிறைய பேர் பாராட்டினார்கள். எப்படி எடுத்தாய் என்று கேட்டவர்களிடம் அதிர்ஷ்டம் என்றேன். அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. அழித்துவிடட்டுமா?

#9 சிறகடி

அழிக்க வேண்டாம் தம்பி. படத்துக்குக் கீழே குரல் ஓடவிட்டு எடுத்தது என்று இப்போதே எழுதிவிடு.

அது ஏன் நேர் எதிரே வந்தது தெரியுமா? தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று விரட்ட வந்தது. நீ ஓடவிட ஓடவிட இல்லாத எதிரியோடு சண்டை போட்டது. அந்த நேரத்தில் இரை தேடுவதும் போச்சு, கூட்டைப் பார்ப்பதும் போச்சு. கூடுகட்டும் காலத்தில் இதைச் செய்யவே கூடாது. மற்ற நாட்களிலும் வேண்டாம் என்பேன். பறவை எங்கே குளிக்கிறது, எந்தக் கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று நாலு நாள் பார்த்து வை. ஐந்தாம் நாள் அதற்கு முன்பே நீ அங்கே உட்கார்ந்திரு.

#10 அச்சுக்கூடம்

காட்டுயிர்ப் படத்தில் சொல்லாமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு சம்பவம். வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கியது, ஓநாய் ஒன்று வாயில்கதவைத் தாண்டிக் குதிக்கும் படம். பழக்கப்படுத்திய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். 2017 போட்டியில் ஒரு பிரிவில் வென்ற படத்தில் கறையான் புற்றின் அருகே இருந்த எறும்புத்தின்னி பாடம் செய்த பொம்மை என்று நிபுணர்கள் சொல்ல, 2018 ஏப்ரலில் அதுவும் போனது. அவரும் மறுத்தார். அந்த இரண்டும் நல்ல படங்கள்தான், கலவை, ஒளி எல்லாம். இப்போது பல போட்டிகளில் ரா கோப்பை, அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தாத மூலக் கோப்பை, கேட்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் ஸ்லைடுதான் அந்த ரா கோப்பு. நிழல்தேடி கையில் அது பத்திரமாக இருக்கிறது.

#11 மூன்றாம்கண்

சரி, நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள் என்று எழுதியது, யோசித்துப் பார்த்தால், நானும் செய்தேன் என்பதற்காகத்தான். என்னிடம் ஒரு வவ்வால் குகைப் படம் இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். முழு ஃபிரேமைப் போடுங்கள்.

#12 நிழல்தேடி

அச்சு வந்துவிட்டது. முழு ஃபிரேம், ஃபிலிமின் கறுப்பு ஓரம் நாலு பக்கமும் தெரியும்படி. அகலம் 90 சென்டிமீட்டர், உயரம் 60. அந்த அளவில் வளையம் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, எழும்பிய நீர் அரிசிமணி அளவு. அச்சுக்கு முன்னால் தூசியைத் துடைக்க மென்பொருளை ஓடவிட்டபோது அது அந்த நீரையும் தூசி என்று எடுத்து அழித்துவிட்டது! நல்லவேளையாகப் பார்த்தேன். அந்த மூலையை மட்டும் கையாலேயே சுத்தம் செய்தேன், ஒவ்வொரு புள்ளியாக, எது தூசி எது தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து.

ஓர் ஓரத்தில் பூஞ்சை ஆரம்பித்திருந்தது. பழைய ஸ்லைடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூஞ்சை பிடித்த ஃபிலிமைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். பூஞ்சை ஜெலட்டினைத் தின்றிருக்கும், தண்ணீர் பட்டால் படத்தோடு கரைந்து வரும். ஃபிலிமுக்கென்று இருக்கும் துடைப்புத் திரவம்தான் சரி.

கீழே எழுத வேண்டியதை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். வருத்தம், மன்னிப்பு எல்லாம் முதலில் இருந்தது. படித்தால் கொக்கை விட்டுவிட்டு என்னைப் பற்றியே பேசுகிறது. அடித்துவிட்டேன். கடைசியில் இதுதான்:

‘பெரிய கொக்கு, கூடுகட்டும் காலம், 1996. இடது கீழ் மூலையில் தெரிவது நான் எறிந்த கல் விழுந்த இடம்.’

அதோடு ஏரியின் பெயர், கரையில் எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். இத்தனை நாள் மறைத்ததற்கு இனி எதையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

#13 சிறகடி

கல் இருக்கட்டும். ஏரியின் பெயரையும் மாதத்தையும் மட்டும் எடுத்துவிடுங்கள். பெரிய கொக்குகள் வருடா வருடம் அதே மரங்களுக்குத் திரும்பி வரும் வழக்கம் உண்டு. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாளைக்குப் பத்து பேர் அங்கே கேமராவோடு நிற்பார்கள்.

#14 நிழல்தேடி

ஆமாம், எனக்குத் தோன்றவில்லை. எடுத்துவிட்டேன்.